மலைச்சரிவில் தேறும் கைத்தொலைபேசி

பெரகலையிலிருந்து பலாங்கொடையை நோக்கி இறங்கும் பெருந்தெருவை ஒட்டிக் கிடக்கும் இலங்கையின் ஹல்துமுல்லைப் பிரதேசத்தில், ஒரு கைத்தொலைபேசியின் தராதரத்தை நிர்ணயிப்பது அதன் விலையுமன்று, முதுகில் பதித்த காமிராக்களின் எண்ணிக்கையுமன்று. லயத்து (தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு) வாசலில் அதற்குச் சிக்னல் அகப்படுகிறதா, அகப்படாத நேரத்தில் அதிலுள்ள செயலிகள் என்ன செய்கின்றன என்பதே. வேகமான இணையத்தைச் சுமக்கும் உயர் அதிர்வெண் அலைகளுக்குக் குன்றை வளைந்து மறுபுறம் சேரும் சக்தி குறைவு. ஆதலால் மேட்டில் கொழுந்து பறிக்கையில் தாராளமாகக் கிடைக்கும் தொடர்பு, பள்ளத்து லயத்துக்கு இறங்கியதும் அற்றுப்போகிறது. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டபோது, இப்பிரதேசம் அடங்கிய ஊவா மாகாணத்தின் மலைக்கிராமங்களில் பிள்ளைகள் பாடத்துக்காகப் பாறையிலும் மரத்திலும் ஏறினார்கள் என்பது நாடறிந்த விஷயம்.

இத்தகைய இடத்தில் ஜனங்கள் மனமுவந்து ஏற்றுக்கொண்டது எது என்று யோசித்தால், வாட்ஸ்அப்பில் 2013-ஆம் ஆண்டு வந்த குரற்பதிவு என்னும் சிறிய வசதியையே நான் முதலில் சொல்வேன். வளைகுடா நாட்டில் வீட்டுவேலைக்குப் போயிருக்கும் தாய், எஜமானர் வீடு உறங்கிய பின்பு பேசி அனுப்பியதை, ஹல்துமுல்லையிலிருக்கும் மகள் மறுநாள் மலைக்கு ஏறும் வழியில் கேட்கிறாள். ஏனெனில் அச்செய்தி அனுப்புபவரின் கருவியில் தொடர்பு வரும்வரை காத்திருந்து, பிறகு நிறுவனத்தின் கணினியில் தங்கி, பெறுபவரின் கருவி இணையத்தைத் தொட்ட கணத்தில் வந்து சேருகிறது. இருவரும் ஒரே நேரத்தில் சிக்னலுள்ள இடத்தில் நிற்க வேண்டுவதில்லை. எழுத்துக் கூட்டத் தெரிய வேண்டுவதுமில்லை. பள்ளிக்கூடத்தை இரண்டொரு வருஷங்களுக்கு மேல் காணாத மூத்த தலைமுறைக்கு, “வாய்ஸ் போட்டு வுடு” என்று சொல்லும் சுதந்திரம் இதனால் கிட்டியது. முகம் பார்த்துப் பேசுவதற்கு ஐமோ செயலி தொழிலாளர் குடும்பங்களில் பரவியதற்கும், நலிந்த இணைப்பிலும் அது சமாளித்தது என்பதே பெரிய காரணம்.

ஜனங்கள் ஏற்காமற்போனதற்கும் ஓர் உதாரணம் உண்டு. மைக்ரோசொப்ட் நிறுவனம் 2010-இல் கொண்டுவந்த விண்டோஸ் போன், நேர்த்தியிலும் சரளத்திலும் பலராலும் மெச்சப்பட்டது. 2014-இல் நொக்கியாவின் கைத்தொலைபேசித் தொழிலையே அந்நிறுவனம் வாங்கிற்று. ஆயினும் அதற்குச் செயலி எழுதுவோர் குறைந்தனர். செயலி இல்லாமையால் வாங்குவோர் குறைந்தனர். வாங்குவோர் இல்லாமையால் எழுதுவோர் மேலும் குறைந்தனர். உற்றார் எந்தச் செயலியில் இருக்கிறாரோ அது இல்லாத கருவி, எவ்வளவு அழகாயினும், குடும்பத்துக்குப் பிரயோஜனப்படுவதில்லை.

பாஷையின் கதையும் இதனோடு சேர்ந்ததே. தொடக்ககால ஆண்ட்ராய்ட் பேசிகளில் தமிழ் எழுத்துகள் வெறுங் கட்டங்களாகத் தோன்றின. 2011-இல் வந்த நான்காம் பதிப்பு அக்குறையைப் பெரும்பாலும் நீக்கியது. தமிழில் பேசினால் எழுத்தாக மாற்றித்தரும் வசதியைக் கூகுள் 2017-இல் அளித்தது.

ஆனால் இந்தப் பிரதேசத்தில் மிகவும் அவசியமான செய்தி உறவினருடையதன்று; மண்சரிவு எச்சரிக்கையே. 2014 அக்டோபர் 29-ஆம் தேதி காலையில், இங்குள்ள கொஸ்லந்தையை அடுத்த மீரியாபெத்தைத் தோட்டத்து லயங்கள்மீது மலை சரிந்தது. அவ்விடம் அபாயமானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் முன்னமே எச்சரித்திருந்தும், அந்த அறிவு அங்கிருந்த மனிதரை அப்பால் கொண்டுசேர்க்கவில்லை. இதற்கு மாற்று நிலமும் வீடும் முதன்மையான பரிகாரம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவை கிடைக்கும்வரையிலாவது எச்சரிக்கை உரிய நேரத்தில் வந்தாக வேண்டும். செயலி வழியே வரும் எச்சரிக்கை, அதைப் பதிவிறக்கி, ரீலோட் தீராமல் டேட்டாவும் வைத்திருப்பவருக்கே எட்டும். இதற்கு மாறாக, ஒரு கோபுரத்தின் எல்லைக்குள்ளிருக்கும் பேசிகள் அனைத்துக்கும் ஒரே சமயத்தில் அறிவிப்பை ஒலிபரப்பும் முறை ஒன்றுண்டு: அதற்கு எண்ணும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம், ஆயிரம்பேர் ஒருசேர அழைத்து வலையமைப்பு திணறும்போதும் அது தடைப்படாது. ஜப்பானில் 2007 முதல் நிலநடுக்க எச்சரிக்கைக்கு இது வழங்குகிறது. இந்தியா 2023-இல் பல பாஷைகளில் இதைச் சோதித்தது. கொஸ்லந்தைச் சரிவுகளில் இந்த அறிவிப்பு சிங்களத்தோடு தமிழிலும் அதே நிமிஷத்தில் வரவேண்டும். திறன்பேசி அதை உரக்க வாசித்துக்காட்டவும் வேண்டும்.