புதிய ஸ்மார்ட்போன் வாங்கும் முன்: தேவை எது, விளம்பரம் எது?



வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், கேஸ் சிலிண்டர் பதிவு, வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகனின் முகம் என எல்லாமே இன்று ஒரு கைப்பேசிக்குள் வந்துவிட்டன. கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் மாணவர்கூட, முகத்தைக் காட்டி ஆதாரைச் சரிபார்க்கும் செயலியைத் தன் போனில் இயக்க வேண்டியிருக்கிறது. அதனால் நல்ல போன் வேண்டும் என்று நினைப்பது ஆடம்பரம் அல்ல. ஆனால் ஒரு மாதச் சம்பளத்தைக் கொட்டி வாங்கிய போன் ஒன்றரை வருடத்தில் தடுமாறினாலோ, அதற்கான தவணை மட்டும் தொடர்ந்து ஓடினாலோ அது குடும்பத்துக்குச் சுமைதான். கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே உட்கார்ந்து யோசிக்க வேண்டிய சில விஷயங்களை இங்கே பார்ப்போம்.

முதல் கேள்வி: யாருக்கு, எதற்கு?

'எந்த போன் நல்லது?' என்றுதான் பலரும் கேட்கிறோம். 'இதை வைத்து என்ன செய்யப் போகிறோம்?' என்பதை முதலில் கேட்க வேண்டும். ஒரு தாளில் ஐந்து வேலைகளை மட்டும் எழுதுங்கள். அந்த ஐந்துக்கும் ஈடுகொடுக்கும் போன் போதும்.

வயதான வாப்பா, உம்மாவுக்கு என்றால் பெரிய திரை, உரத்த ஒலி, ஒரு நாள் முழுவதும் தாங்கும் பேட்டரி ஆகியவை முக்கியம். எழுத்தைப் பெரிதாக்கி, முகப்பில் தேவையான நான்கைந்து செயலிகளை மட்டும் வைத்துக் கொடுத்தால் அவர்களுக்குத் தடுமாற்றம் இருக்காது. அழைப்பு மட்டுமே அவர்களின் தேவை என்றால் பட்டன் போனே போதும். பட்டன் போனிலும் பணம் அனுப்ப 'யுபிஐ 123பே' என்ற வசதி 2022 மார்ச் முதல் இருக்கிறது.

படிக்கும் பிள்ளைக்கு என்றால், கண்ணை வருத்தாத நல்ல திரையும் பாடக் காணொளிகளையும் பிடிஎப் கோப்புகளையும் வைத்துக்கொள்ளப் போதிய இடமும் வேண்டும். விளையாட்டுக்கென்றே விற்கப்படும் போன்களை 'படிப்புக்கும் உதவும்' என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதில் நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் காசு பாடத்துக்குப் போகாது.

வீட்டிலிருந்தபடி தையல், மசாலாப் பொடி, பலகார வியாபாரம் செய்யும் சகோதரிகளுக்கு இரண்டு சிம் வசதியும், பொருளின் நிறம் மாறாமல் படம் எடுக்கும் கேமராவும் வேண்டும். வீட்டு எண்ணைத் தனியாகவும், வியாபார எண்ணை 'வாட்ஸ்அப் பிசினஸ்' செயலியிலும் ஒரே போனில் வைத்துக்கொள்ளலாம்.

ரேமும் சேமிப்பிடமும்

கடைக்காரர் முதலில் சொல்வது '8 ஜிபி, 128 ஜிபி' போன்ற எண்கள்தான். முதல் எண் ரேம். ஒரே நேரத்தில் பல செயலிகள் தடங்கலின்றி ஓட உதவும் இடம் அது. இரண்டாவது எண் சேமிப்பிடம். படம், காணொளி, செயலி எல்லாம் தங்கும் இடம். அன்றாட வேலைக்கு 6 ஜிபி ரேமும் 128 ஜிபி சேமிப்பிடமும் இருந்தால் நிம்மதி. 64 ஜிபி போனில் ஆண்ட்ராய்டே கணிசமான இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நான்கு குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் இருந்தால் மீதியும் சில மாதங்களில் நிரம்பிவிடும்.

சில பெட்டிகளில் '8 ஜிபி + 8 ஜிபி ரேம்' என்று அச்சிட்டிருப்பார்கள். அதில் இரண்டாவது 8 ஜிபி உண்மையான ரேம் அல்ல. சேமிப்பிடத்தில் ஒரு பகுதியை ரேம் போலப் பயன்படுத்துவார்கள். அதன் வேகம் குறைவு. ஆகவே முதல் எண்ணை மட்டும் கணக்கில் எடுங்கள்.

சேமிப்பிடத்தின் வகையையும் கேளுங்கள். 'இஎம்எம்சி' வகை மெதுவானது, 'யுஎஃப்எஸ்' வகை வேகமானது. புதிதாக இருக்கும்போது இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம். போன் நிரம்பத் தொடங்கும்போதுதான் வித்தியாசம் புரியும்.

அப்டேட் எத்தனை வருடம்?

கடையில் யாரும் தாமாகச் சொல்லாத, ஆனால் நாம் கட்டாயம் கேட்க வேண்டிய விஷயம் இது. போன் நிறுவனம் அவ்வப்போது பாதுகாப்பு அப்டேட் அனுப்பும். புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அது அடைக்கும். அப்டேட் நின்ற பிறகும் போன் வேலை செய்யும். ஆனால் அந்த ஓட்டைகள் திறந்தே கிடக்கும். வங்கிச் செயலியும் யுபிஐயும் இருக்கும் போனில் இது பெரிய ஆபத்து. காலப்போக்கில் செயலிகளும் பழைய போனைக் கைவிட்டுவிடும். ஆண்ட்ராய்டு 5.0-க்கு முந்தைய போன்களில் வாட்ஸ்அப் இப்போது இயங்குவதில்லை.

நிறுவனத்துக்கு நிறுவனம், மாடலுக்கு மாடல் இந்தக் கணக்கு மாறும். கூகுள் பிக்சல் 8, சாம்சங் கேலக்ஸி எஸ்24 ஆகியவற்றுக்கு 7 ஆண்டுகள் என்று அறிவித்தார்கள். விலை குறைந்த கேலக்ஸி ஏ16-க்கு 6 ஆண்டுகள் என்றார்கள். இரண்டு, மூன்று ஆண்டுகளோடு நிறுத்திக்கொள்ளும் மாடல்களும் உண்டு. இந்த ஆண்டுக் கணக்கு நாம் வாங்கும் நாளிலிருந்து தொடங்குவதில்லை, அந்த மாடல் வெளிவந்த நாளிலிருந்தே தொடங்குகிறது. இரண்டு வருடத்துக்கு முன் வந்த மாடல் தள்ளுபடியில் கிடைக்கிறது என்றால், அதன் அப்டேட்டில் இரண்டு வருடம் ஏற்கனவே கழிந்துவிட்டது என்று பொருள்.

ஒரு எளிய கணக்கு: போனின் விலையை, அப்டேட் மீதமுள்ள ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள். 12,000 ரூபாய் போனுக்கு 2 ஆண்டு மீதம் என்றால் ஆண்டுக்கு 6,000 ரூபாய். 18,000 ரூபாய் போனுக்கு 6 ஆண்டு என்றால் ஆண்டுக்கு 3,000 ரூபாய்தான். விலை குறைந்த போன் எல்லா நேரமும் மலிவான போன் ஆகிவிடாது.

கேமரா, பேட்டரி, 5ஜி

மெகாபிக்சல் எண் கூடினால் படம் அழகாகும் என்பது பாதி உண்மைதான். உள்ளே இருக்கும் சென்சாரின் அளவு, லென்ஸின் தரம், கை நடுக்கத்தைச் சமாளிக்கும் 'ஓஐஎஸ்' வசதி ஆகியவையும் சேர்ந்தே படத்தின் தரத்தை முடிவு செய்கின்றன. பின்புறம் மூன்று, நான்கு கேமரா என்று காட்டும் மலிவு போன்களில் 2 மெகாபிக்சல் கேமராக்கள் பெரும்பாலும் எண்ணிக்கைக்காகச் சேர்த்தவை. கடையின் பளிச்சென்ற வெளிச்சத்தில் எல்லாப் படமும் நன்றாக இருக்கும். ஓரமாக வெளிச்சம் குறைந்த இடத்தில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.

பேட்டரி 5,000 எம்ஏஎச் இருந்தால் சாதாரண உபயோகத்துக்கு ஒரு நாள் தாராளமாக வரும். பெட்டிக்குள் சார்ஜர் இருக்கிறதா என்று கேளுங்கள். இப்போது பல மாடல்களில் கேபிள் மட்டுமே தருகிறார்கள். சார்ஜர் விலையையும் சேர்த்தே மற்ற போனோடு ஒப்பிட வேண்டும்.

இந்தியாவில் 5ஜி சேவை 2022 அக்டோபரில் தொடங்கியது. பேசவும் வாட்ஸ்அப்புக்கும் 4ஜி போதும். ஆனால் நான்கைந்து வருடம் வைத்திருக்கப் போகிறோம் என்றால் 5ஜி போனாக வாங்குவது நல்லது.

மழையிலும் மீன் கடையிலும் வண்டியிலும் வேலை பார்ப்பவர்கள் 'ஐபி' எண்ணைப் பாருங்கள். ஐபி54 என்றால் தூசியையும் தெறிக்கும் நீரையும் ஓரளவு தாங்கும். தண்ணீரில் விழுந்தால் தாங்காது. ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழ நன்னீரில் அரைமணி நேரம் வரை தாங்கும் என்று சோதித்தது. இதை நம்பிக் கடல்நீரில் நனைக்கக் கூடாது.

கிப்லா காட்டாத போன்

'கிப்லா செயலி போட்டேன், முள் அசையவே இல்லை' என்று சிலர் சொல்வதுண்டு. செயலியில் குறை இல்லை. திசை காட்ட போனுக்குள் 'மேக்னட்டோமீட்டர்' என்ற காந்த சென்சார் வேண்டும். விலை குறைந்த பல மாடல்களில் அது இருக்காது. வழி காட்டும் வரைபடச் செயலி, நாம் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறோம் என்று சரியாகக் காட்டவும் இதே சென்சார்தான் உதவுகிறது. சென்சார் பட்டியலில் 'காம்பஸ்' அல்லது 'மேக்னட்டோமீட்டர்' என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

உம்ரா, ஹஜ் செல்லும் எண்ணம் இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். மதீனாவில் ரவ்ழாவுக்குள் செல்லும் அனுமதியை 'நுசுக்' செயலி வழியாகவே பெற வேண்டும். இந்திய ஹஜ் கமிட்டி வழியாகச் செல்வோருக்கு 'ஹஜ் சுவிதா' செயலி 2024 முதல் இருக்கிறது. பாதி நாளில் பேட்டரி இறங்கிவிடும் பழைய போனோடு பயணம் புறப்படுவது சிரமத்தைத் தரும்.

வளைகுடாவிலிருந்து வரும் போன்

துபாயிலிருந்து மச்சான் கொண்டு வரும் போன் என்றால் நமக்குத் தனி மகிழ்ச்சிதான். வாங்கச் சொல்லும் முன் மூன்றைக் கேளுங்கள். ஒன்று, வாரண்டி. பல நிறுவனங்கள் ஒரு நாட்டில் வாங்கிய போனுக்கு இன்னொரு நாட்டில் இலவசப் பழுதுபார்ப்பு தருவதில்லை. இரண்டு, சிம். ஐபோன் 17 வரிசையில் சவூதி, அமீரகம், கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன் நாடுகளில் விற்கப்படும் போன்களில் சிம் அட்டை செருகும் இடமே இல்லை, இ-சிம் மட்டும்தான். மூன்று, விலை. இந்தியாவில் செல்போனுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. அதனால் அங்கே மலிவாகத் தெரியலாம். ஆனால் ஒரு முறை திரை உடைந்து வாரண்டியும் இல்லை என்றால் அந்த லாபம் போய்விடும்.

பழைய போன் வாங்குவதில் தவறில்லை, ஆனால்...

கையில் பணம் குறைவு என்றால், புதிய மட்டமான போனைவிட நல்ல நிலையில் உள்ள பழைய போன் சிறந்ததாக இருக்கலாம். ஆனால் திருட்டு போன் நம் கைக்கு வந்துவிடக் கூடாது. போனில் *#06# என்று அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். குறுஞ்செய்தியில் கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணையும் சேர்த்து 14422-க்கு அனுப்பினால் போனின் விவரம் வந்துவிடும். அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்திலும் பார்க்கலாம். விற்பவர் தன் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, உங்கள் முன்னால் போனை முழுமையாக அழித்துத் தர வேண்டும். இல்லாவிட்டால் பிறகு அவருடைய கடவுச்சொல் இல்லாமல் போன் திறக்காது.

நம் பழைய போனைக் கொடுக்கும்போதும் இதையே செய்ய வேண்டும். படங்களைப் பத்திரப்படுத்தி, வங்கி, யுபிஐ செயலிகளிலிருந்து வெளியேறி, சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிட்டு, போனை முழுமையாக அழித்த பிறகே கைமாற்றுங்கள். நம் வீட்டுப் பெண்களின் படங்கள் அந்நியர் கையில் கிடைக்க நாமே வழி வைத்துவிடக் கூடாது.

'வட்டியில்லாத் தவணை' உண்மையா?

'நோ காஸ்ட் இஎம்ஐ' என்ற பலகையைப் பார்த்து, வட்டி இல்லையே என்று நம்மில் பலர் கையெழுத்துப் போடுகிறோம். 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில், பூஜ்ய சதவீத வட்டி என்ற ஒன்றே கிடையாது என்றும், வட்டி பெரும்பாலும் செயலாக்கக் கட்டணம் என்ற பெயரில் மறைத்து வசூலிக்கப்படுகிறது என்றும் தெளிவாகச் சொன்னது.

ஓர் உதாரணம். 20,000 ரூபாய் போனுக்கு ரொக்கமாகக் கொடுத்தால் 1,500 ரூபாய் தள்ளுபடி, தவணை என்றால் தள்ளுபடி இல்லை என்று வைத்துக்கொள்வோம். செயலாக்கக் கட்டணம் 199, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து ஏறக்குறைய 235 ரூபாய். ஆக, தவணையில் வாங்குபவர் 1,735 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறார். ஒரு தவணை தவறினால் அபராதம் தனி. சிபில் மதிப்பெண்ணும் குறையும். நாளை அவசரத்துக்கு வங்கிக்குப் போகும்போது அது குறுக்கே நிற்கும்.

கையெழுத்துப் போடும் முன் கடையில் இரண்டு கேள்வி கேளுங்கள்: 'ரொக்கம் கொடுத்தால் கடைசி விலை என்ன? தவணையில் நான் கட்டப் போகும் மொத்தத் தொகை என்ன?' இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எந்தப் பெயரில் இருந்தாலும், அது கடனுக்காக நாம் கொடுக்கும் விலை. கடன் ஒப்பந்தத்தில் வட்டி விகிதம் என்ற கட்டத்தையும் படியுங்கள். வட்டியிலிருந்து விலகி நிற்க நினைக்கும் நாம், பலகையில் உள்ள எழுத்தை நம்பாமல் தாளில் உள்ளதைப் பார்க்க வேண்டும். ஆறு மாதம் மாதந்தோறும் ஒதுக்கி வைத்து வாங்கினால் தள்ளுபடியும் நமக்கே. படிப்புக்கு உடனே தேவை என்றால் உறவினரிடமோ, ஊரில் பைத்துல்மால் இருந்தால் அங்கோ வட்டியில்லாக் கடன் கேட்பதில் வெட்கம் இல்லை.

வாங்கும் நாளில்

ஜிஎஸ்டி பில் கட்டாயம் வாங்குங்கள். அதில் உங்கள் பெயரும் ஐஎம்இஐ எண்ணும் இருக்க வேண்டும். பில்லைப் படம் எடுத்து மின்னஞ்சலில் சேர்த்து வையுங்கள். ஆன்லைனில் வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதை ஆரம்பம் முதல் காணொளியாக எடுத்து வையுங்கள். அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் நம் ஊரில் அல்லது பக்கத்து ஊரில் இருக்கிறதா, திரை உடைந்தால் மாற்ற எவ்வளவு என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள்.

குறையுள்ள போனை மாற்றித் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யக் கட்டணம் இல்லை. போன் தொலைந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, சஞ்சார் சாத்தி வழியாக அதை முடக்கலாம். யுபிஐ மோசடியில் பணம் போனால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

ஐந்து வேலைகளை எழுதிய அந்தத் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே கடைக்குப் போங்கள். அதில் இல்லாத ஒன்றுக்காக விலை கூடினால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மிச்சமாகும் பணத்துக்கு நம் வீடுகளில் வேறு நல்ல தேவைகள் எத்தனையோ இருக்கின்றன.