ஏழு வாரத்துப் பொற்காசு

"சில வாரமே ஆண்டவர்கள் தங்கக்காசு அடித்து என்ன கண்டார்கள்?" என்று கேட்கிறார் சேலத்து வாசகர் ஒருவர்.

கிழக்கு ரோமப் பேரரசான பைசாந்தியத்தில் அவர்களுக்குத்தான் அவசரம் அதிகம். பட்டம் ஏறியதும் படைக்குத் தங்கம் கொடுத்தாக வேண்டும். 457இல் முதலாம் லியோ ஆளுக்கு ஐந்து பொற்காசும் ஒரு ராத்தல் வெள்ளியும் தருவதாக அறிவித்தார். கொடுக்கும் காசில் பழைய அரசனின் முகம் இருக்கலாமா? 715இல் வரி வசூலித்துக்கொண்டிருந்த தியோடோசியஸைச் சிப்பாய்கள் பிடித்து வலுக்கட்டாயமாக அரசனாக்கினார்கள். இரண்டாண்டுகூட நிலைக்காத அவர் பெயரிலும் பொற்காசு உண்டு.

என் மனம் ஒட்டிக்கொண்டது 1042ஆம் ஆண்டுக் காசில். ஏப்ரலில் ஐந்தாம் மைக்கேல், தன்னைத் தத்தெடுத்த அரசி ஸோயியின் தலைமுடியை மழித்துத் தீவுக்கு அனுப்பினான். தலைநகர் கான்ஸ்டான்டிநோபிள் கொதித்தெழுந்தது. மக்கள் மடத்திலிருந்து ஸோயியின் தங்கை தியோடோராவை அழைத்து வந்து முடிசூட்டினார்கள். மைக்கேலின் கண்கள் பறிக்கப்பட்டன. அறுபதைக் கடந்த சகோதரிகள் இருவரும் சேர்ந்து ஆண்டது ஏறக்குறைய ஏழு வாரம். ஜூனில் ஸோயி மணந்த ஒன்பதாம் கான்ஸ்டன்டைன் அரசனானார்.

அந்த ஏழு வாரத்துக் காசில் ஒருபுறம் கன்னி மரியாள்; சுற்றிலும் அரசியருக்குத் துணைநிற்க வேண்டும் பிரார்த்தனை. மறுபுறம் அக்காளும் தங்கையும் ஒரே கொடிக்கம்பைப் பிடித்திருக்கிறார்கள். உருவ அளவில் வேறுபாடில்லை. ஆனால் ஸோயி நிற்பது தியோடோராவின் வலப்பக்கம். மூத்தவருக்கு உரிய இடம் அது. எங்கள் ஊர்க் கோயிலில் முதல் பரிவட்டம் யாருக்கு என்பதைப் பார்த்தே குடும்பங்களின் வரிசையைச் சொல்லிவிடலாம். இந்தக் காசையும் நான் அப்படித்தான் படிக்கிறேன். அரியணையிலும் தியோடோரா சற்றுப் பின்தள்ளியே அமர்ந்தார் என்று அவர்களை நேரில் கண்ட வரலாற்றாசிரியர் செல்லஸ் எழுதிவைத்திருக்கிறார்.

ஆட்சி மாறியதும் அச்சும் மாறியது. மிஞ்சியவை மிகச் சில. அரிய காசுக்கு ஏலத்தில் விலை ஏறுகிறது. எங்கே, எதனுடன் கிடைத்தது என்ற செய்தியோ பெரும்பாலும் தொலைந்துபோகிறது. காசு பிழைத்தும் வரலாறு செத்துப்போவது கொடுமை.

இது நமக்கும் பொருந்தும். கர்நாடகத்தின் அக்கி ஆலூரில் பைசாந்தியப் பொற்காசுகள் கிடைத்துள்ளன. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலை ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுச் சட்டம். மண் தோண்டும்போது பழங்காசு கண்ணில் பட்டால் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள், உருக்கக் கொடுக்காதீர்கள். கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு அப்படியே ஒப்படையுங்கள்.