நீரிழிவு உள்ளவர்கள் விளையாடலாமா?

சர்க்கரை வியாதி என்றவுடன் நம் மனக்கண் முன் தோன்றுவது, அதிகாலையில் கைவீசி நடக்கும் தாத்தாவின் உருவமே. ஆனால் இந்நோய் பள்ளிச் சிறுமியையும், ஏன், கைக்குழந்தையையும் கூட விட்டு வைப்பதில்லை. சிறு வயதில் வருவது பெரும்பாலும் முதல் வகை நீரிழிவு. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடலின் எதிர்ப்புச் சக்தியே அழித்து விடுவதால் இது உண்டாகிறது. மிட்டாய் அதிகம் தின்றதால் வந்தது என்று பிள்ளையைத் திட்டுவதும், வளர்ப்பு சரியில்லை என்று தாயைக் குறை கூறுவதும் அறியாமை. இவர்களுக்கு நாள்தோறும் இன்சுலின் ஊசி இன்றியமையாதது. பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகையும் இக்காலத்தில் மாணவ மாணவியரிடம் காணப்படுகிறது.

இத்தகைய பிள்ளை விளையாட்டு நேரத்தில் எங்கே இருக்கிறாள்? பெரும்பாலும் மர நிழலில், தோழியரின் புத்தகப் பைகளுக்குக் காவலாக! “வெயிலில் ஓடாதே, மயங்கி விழுவாய்” என்று வீட்டில் சொல்லி அனுப்புகிறார்கள். பெண் பிள்ளை என்றால் இன்னொரு கவலையும் சேர்ந்து கொள்கிறது. வெளியே தெரிந்தால் நாளை வரன் அமையாதே என்று நோயையே மறைத்து விடுகிறார்கள். மறைப்பதுதான் நோயைவிட ஆபத்தானது என்பது எங்கள் கருத்து. அவள் தடுமாறும்போது காரணம் தெரிந்தவர் ஒருவரும் அருகில் இருக்க மாட்டாரே!

பெற்றோரின் பயம் முற்றிலும் வீண் என்று கூறிவிட முடியாது. நாம் ஓடும்போது தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக் கொள்கின்றன. நோயில்லாதவர்க்குக் கணையம் தானே இன்சுலினைக் குறைத்துக் கொள்ளும். ஊசி வழியே உள்ளே சென்ற இன்சுலினையோ திரும்ப அழைக்க முடியாது. ஆகவே சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கிக் கை நடுக்கமும், வியர்வையும், பசியும், குழப்பமும் உண்டாகலாம். மாலையில் ஆடிய ஆட்டத்தின் விளைவு நள்ளிரவில் வருவதும் உண்டு.

இங்கேதான் மருத்துவரின், செவிலியரின் ஆலோசனை தேவைப்படுகிறது. “உடற்பயிற்சி செய்” என்று மட்டும் சொல்லி அனுப்புவது, மருந்தின் பெயரைக் கூறாமல் “மருந்து சாப்பிடு” என்பதைப் போன்றது. எந்த விளையாட்டு, எவ்வளவு நேரம், அதற்கு முன் எதைச் சாப்பிடுவது, அன்று இன்சுலினை எத்தனை யூனிட் குறைப்பது என்றெல்லாம் கேட்டறிய வேண்டும். ஆடுவதற்கு முன் சர்க்கரை 90க்குக் கீழே இருந்தால் ஒரு சிறு வாழைப்பழம் போல ஏதேனும் உண்ண வேண்டும். 250க்கு மேல் இருந்தால் கீட்டோன் சோதனை செய்து, அது காணப்பட்டால் அன்று ஆடக் கூடாது. ஓடப் போகிறவள் தொடையில் ஊசி போட்டால் மருந்து விரைவாக இரத்தத்தில் கலந்துவிடும். வயிற்றில் போடுவது நல்லது. நம்மூர்ப் பெரிய கண்மாய் ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று பெயர் பெற்றதல்லவா? அதன் கரையில் நெடுநேரம் நடந்தால் சர்க்கரை மெல்ல இறங்கும். கோ-கோ, கபடி போன்ற வேகமான ஆட்டங்களில் அது சிறிது நேரம் ஏறவும் கூடும். ஆகையால் எல்லாருக்கும் ஒரே அளவு பொருந்தாது. அவரவர் மருத்துவரே அவரவர்க்குரிய அளவைக் கூற வேண்டும்.

எடுத்துச் செல்லும் இனிப்பிலும் ஒரு விஷயம் உண்டு. கடலை மிட்டாயிலும் சாக்லேட்டிலும் உள்ள கொழுப்பு, சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். (சாக்லேட் எங்கள் இராமநாதபுரத்து வெயிலில் பைக்குள்ளேயே உருகிவிடும் என்பது வேறு!) மயக்கம் வருவது போலிருந்தால் குளுக்கோஸ் அல்லது மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் உட்கார்ந்து, மீண்டும் சோதித்துப் பார்க்க வேண்டும். கருப்பட்டியும் பதநீரும் சர்க்கரையை ஏற்றாது என்று நம் பக்கத்தில் பலர் நம்புகிறார்கள். அவையும் ஏற்றத்தான் செய்யும்.

ஆலோசனையால் பயன் உண்டா என்று ஐயுறுவோர்க்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1948 ஆம் ஆண்டிலேயே டாக்டர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார். பின்னாளில் டாக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர், நோய் வரும் நிலையிலிருந்த 531 பெரியவர்களை மூன்றாண்டுகள் கவனித்து, முடிவை 2006 இல் வெளியிட்டனர். பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதத்தினர் நோயாளிகளாயினர். உணவு பற்றியும் தினமும் அரைமணி நேர நடை பற்றியும் நேரிலும் தொலைபேசியிலும் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்லப்பட்டவர்களில் அது 39 சதவீதமே. இது பெரியவர்களைப் பற்றிய, இரண்டாம் வகை நீரிழிவு பற்றிய ஆய்வுதான். முதல் வகையை நடையால் தடுக்கவோ, ஊசியை நிறுத்தவோ இயலாது. ஆனால் சொல்லும் முறையில் சொன்னால் மக்கள் கேட்கிறார்கள் என்பது இதனால் விளங்குகிறது.

முதல் வகைக்கும் ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்க நீச்சல் வீரர் கேரி ஹால் ஜூனியருக்கு 1999 இல் இந்நோய் கண்டது. இனிப் போட்டிகளை மறந்துவிடும்படி மருத்துவர்கள் கூறினர். ஆனி பீட்டர்ஸ் என்னும் பெண் மருத்துவரோ அவருக்கு நீந்தும் வழியைக் காட்டினார். அடிக்கடி இரத்தத்தைச் சோதித்துக் கொண்டே பயிற்சி செய்த அவர், 2000 சிட்னி ஒலிம்பிக்கிலும் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கிலும் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றார்.

அன்புத் தோழியரே, நம் வகுப்பில் இந்நோயுள்ள ஒருத்தி இருந்தால் அவளைக் காவலுக்கு உட்கார வைக்காமல் ஆட்டத்தில் சேர்த்துக் கொள்வோம். மருத்துவர் எழுதித் தந்த குறிப்பின் பிரதி ஒன்று விளையாட்டு ஆசிரியையிடமும், ஒன்று வகுப்புத் தலைவியிடமும் இருக்கட்டும். சர்க்கரைப் பொட்டலம் அவள் பையில் மட்டுமின்றி, திடலுக்கு வரும் முதலுதவிப் பெட்டியிலும் இருக்க வேண்டும். நினைவிழந்து விட்டால் மட்டும் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடனே 108க்குச் சொல்ல வேண்டும்.