தேவமாதா என்னும் ஒரு சொல்

கொட்டாஞ்சேனைத் தெருக்களில் மாலை வேளையில் நடந்து செல்பவர் செவியில் ஜெபமாலையின் ஒலி பலகாலும் விழும். அதிலே திரும்பத் திரும்ப வரும் பெயர் ஒன்றுண்டு. தேவமாதா என்பர், சர்வேசுரனுடைய மாதா என்பது பழைய வழக்கு. புனித லூசியா பேராலயத்தில் மண்டியிடும் மூதாட்டிக்கு அதைவிட இயல்பான சொல் வேறில்லை. ஆயினும் அச்சொல்லின் பொருட்டு ஆயர்கள் பதவி இழந்தனர், நாடு கடத்தப்பட்டனர், கிறிஸ்தவ உலகமே பிளவுண்டது. எங்கோ சின்ன ஆசியாவில் நடந்த வழக்கு நமக்கென்ன என்று இருந்துவிடுவதற்கில்லை. அவ்வழக்கின் கட்சிக்காரர் அனைவரும் இத்தீவிற் கால் பதித்தவர்களே.

வழக்கு இதுதான். 428இல் கொன்ஸ்தாந்திநோப்பிளின் ஆயரான நெஸ்தோரியுஸ், மரியாளைக் 'கடவுளைப் பெற்றவள்' என்று அழைப்பதிற் குறை கண்டார். தொடக்கமில்லாத கடவுளை ஒரு பெண் எங்ஙனம் பெறுவாள்? 'கிறிஸ்துவைப் பெற்றவள்' என்பதே பொருந்தும் என்றார். அலெக்சாந்திரியாவின் சிரில் வெகுண்டெழுந்தார். தொட்டிலிற் கிடந்தவர் வேறு, கடவுள் வேறு என்றால், சிலுவையில் மாண்டவரும் வெறும் மனிதர்தாமே. ஒரு மனிதரின் சாவு நம்மை எப்படி மீட்கும் என்பது அவர் வினா. அந்த வினாவின் கனத்தை நான் குறைத்து மதிக்கவில்லை. 431இல் எபேசு சங்கம் நெஸ்தோரியுசை விலக்கியது. பின்னர் 451இல் கல்செதோன் சங்கம், கிறிஸ்து ஒரே ஆள், அவரிடத்தில் இரண்டு சுபாவங்கள் என வகுத்தது. எகிப்தியரும் சிரியருட் பலரும் அதனை ஏற்கவில்லை. 'இரண்டு' என்ற மாத்திரத்தில் நெஸ்தோரியுசின் குரலே அவர்கள் காதிற் கேட்டது.

எபேசுவை ஏற்காத பாரசீகத் திருச்சபையோ கடல்வழியே கிழக்கு நோக்கி வந்தது. ஆறாம் நூற்றாண்டில் கொஸ்மஸ் என்னும் வணிகர் எழுதிய நூல், தப்ரபேன் எனப்பட்ட இத்தீவிலே பாரசீகக் கிறிஸ்தவரின் கோயிலொன்று இருந்ததையும், பாரசீகத்தில் நியமனம் பெற்ற குருவும் ஒரு தியாக்கோனும் அங்கே பணி செய்ததையும் கூறுகின்றது. 1912இல் அநுராதபுரத்து அகழ்வில் கருங்கல்லிற் செதுக்கிய சிலுவையொன்று வெளிப்பட்டது. போர்த்துக்கேயருடையது என்றே முதலில் எண்ணினர். 1926இல் கொட்றிங்டன் அது நெஸ்தோரியச் சிலுவை எனக் கண்டார். சென்னைப் பரங்கிமலையில் பஹ்லவி எழுத்துடன் நிற்கும் சிலுவை இதற்கு உறவு. இரண்டிலும் தொங்கும் உடல் இல்லை. 1505இற்றான் கிறிஸ்தவம் இங்கு வந்தது என்று படித்த மாணவரிடம் இதைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். நாம் அறிந்தவரையில் இத்தீவின் முதற் கிறிஸ்தவர், 'தேவமாதா' என்று சொல்லத் தயங்கியவர்கள்!

மற்றக் கட்சியினர் வந்து சேர்ந்தது கொட்டாஞ்சேனைக்கு அண்மையிலுள்ள புதுக்கடைக்கு. 1886இல் உரோமையும் போர்த்துக்கலும் செய்த உடன்படிக்கையின்படி, கோவாவின் ஆளுகையில் இருந்த இலங்கைக் கோயில்கள் கைமாறின. சிலர் இணங்கவில்லை. கோவாவைச் சேர்ந்த அல்வாரிஸ் குரு, கல்செதோனை ஏற்காத மலங்கரைச் சிரியரிடம் சென்று, 1889இல் கோட்டயத்தில் மார் யூலியுஸ் என்னும் ஆயரானார். 1892 மே 29ஆம் நாள், புதுக்கடை நல்மரண மாதா கோயிலில், பிரான்சிற் பிறந்து அமெரிக்காவிற் பணியாற்றிய ரெனே விலாத்தை அவர் மலங்கரை ஆயர்களுடன் சேர்ந்து ஆயராக அபிஷேகம் செய்தார். அந்த மக்கள் கிறிஸ்துவின் சுபாவம் ஒன்றா இரண்டா என்று வாதிட்டுத்தான் கட்சி மாறினார்கள் என நான் நினைக்கவில்லை. கோயிலின் சாவி எவர் கையில் என்பதே அங்கே வழக்கு. எபேசுவிலும் அந்த வழக்கு ஓரளவு இருந்தது. அலெக்சாந்திரியாவுக்கும் கொன்ஸ்தாந்திநோப்பிளுக்கும் இடையே முதன்மைப் போட்டி முன்னரே உண்டு.

எஞ்சிய பெரும்பங்கு மொழியின் சிக்கல். தமிழர்க்கு இது எளிதில் விளங்கும். 'அவர் சுபாவம் நல்லது' என்றால் குணத்தைச் சொல்கிறோம். 'ஒருவருக்கு இரண்டு சுபாவம்' என்றாலோ நம் காதில் அது வசையாகவே விழும். 'ஆள்' என்றால் கூலியாளும் உண்டு. கிரேக்கத்தில் 'பூசிஸ்' என்ற சொல்லும் இப்படியே இடர் செய்தது. சிரிலுக்குப் பெரும்பாலும் அது உயிரோடு நிற்கும் ஒருவரைக் குறித்தது. அந்தியோக்கியாவில் கற்றவர்க்கு ஒரு பொருளின் தன்மைகளைக் குறித்தது. ஒருவர் 'ஒன்று' என்றதும் மற்றவர் 'இரண்டு' என்றதும் ஒரே பொருளைப் பற்றியன அல்ல. சிரிய மொழியிற் பெயர்த்தபோது குழப்பம் இன்னும் பெருகிற்று. நெஸ்தோரியுஸ் நாடு கடத்தப்பட்டபின் எழுதிய தன்விளக்க நூல் சிரிய மொழிபெயர்ப்பிலேயே தப்பிப் பிழைத்து, 1910இல் அச்சேறியது. அதைப் படித்த அறிஞர் பலர், அவர்மேற் சுமத்திய கொள்கையை அவர் உண்மையிற் கொண்டிருந்தாரா என்று ஐயுற்றனர். நானும் அவர்கள் பக்கமே சாய்கிறேன். ஆனால் அவர் சொற்களை ஆண்ட முறை அஞ்சத்தக்கதாயிருந்தது என்பதையும் மறுக்கமாட்டேன்.

1984இல் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுலும் அந்தியோக்கியாவின் சிரியப் பிதாப்பிதா முதலாம் சாக்காவும், பழைய பிளவு பெரிதும் சொல்லாலும் பண்பாட்டாலும் விளைந்தது என ஒப்புக்கொண்டனர். 1994 நவம்பர் 11ஆம் நாள், அதே பாப்பரசரும் பாரசீகத் திருச்சபையின் வழிவந்த கிழக்கின் அசீரியத் திருச்சபைத் தலைவர் நான்காம் மார் தின்காவும் கூட்டறிக்கையொன்றில் ஒப்பமிட்டனர். ஒரு சபையார் மரியாளைக் கடவுளின் தாய் என்றும், மற்றச் சபையார் நம் கடவுளும் மீட்பருமான கிறிஸ்துவின் தாய் என்றும் அழைப்பது ஒரே விசுவாசத்தின் வெளிப்பாடே என்று அதிற் கண்டிருக்கிறது. எபேசு சங்கம் கூடி அப்போது ஆயிரத்து ஐந்நூற்று அறுபத்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.