சுண்ணாம்புப் பூமியில் எலுமிச்சை

எலுமிச்சம்பழத்தை நம்மவர் மதிக்கும் விதமே அலாதி. பெரியோரைக் காணச் செல்கையில் கையில் ஒன்று. புது வண்டியின் சக்கரங்களுக்கு அடியில் நான்கு. கடை வாசலில் மிளகாயுடன் கோத்துத் தொங்கவிட்டது ஒன்று. இத்தனை மரியாதை பெற்ற பழம் வயிற்றுக்குள் போவது மட்டும் ஜுரக்காரருக்கும் கோடை விருந்தாளிக்குமே என்று பல இல்லங்களில் ஏற்பட்டுவிட்டது. மதுக்கரையிலுள்ள எமது இல்லம் இதற்கு விலக்கு. இங்கே புளிப்பின்றி ஒரு வேளைச் சாப்பாடும் முடிவதில்லை.

எம் அன்னையாருக்கு நாரத்தங்காய்தான் பிராணன். காயைத் துண்டாகாமல் சுருளாக அரிந்து, உப்பை அடைத்து, பகலில் வெயிலிலும் இரவில் ஜாடியின் உப்பு நீரிலுமாக மாற்றி மாற்றிப் போட்டு, கறுத்துச் சுருங்கும் வரை காவல் இருப்பார். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மாடித் தட்டைக் கவிழ்க்கும் நாட்களில் அந்தக் காவல் எமக்கு மாற்றப்படும். அதன் இலையையும் அவர் விடுவதில்லை. நரம்பு நீக்கி, மிளகாய், பெருங்காயம், உப்புடன் இடித்தால் வேப்பிலைக்கட்டி. அதில் வேப்பிலை ஏன் இல்லை என்று மாணவர் கேட்டால், ஆசிரியர் பாடத்தை மாற்றுவதே உசிதம்.

மூத்த பெண்ணுக்குப் பம்பளிமாஸ் சுளையும் உப்பும் மிளகாய்ப் பொடியும். சின்னப் பயலுக்குக் கமலா ஆரஞ்சு. அவன் எறியும் தோல் மறுநாள் குழம்பில் மணக்கும். சித்திரான்னத்தில் இல்லத்தரசி கண்டிப்பானவர். பாத்திரத்தை இறக்கிச் சற்று ஆறிய பின்னரே சாறு பிழிய வேண்டும். அடுப்பில் கொதித்த சாறு கசந்துவிடும். கொதியில் 'ஸி' வைட்டமினும் குறைகிறது என்பது நாம் சேர்த்துக்கொள்ளும் காரணம். அந்த வைட்டமினின் பெயரே தெரியாத 1747-ல், ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் வைத்தியர், ஈறு வீங்கிச் சோர்ந்து கிடந்த மாலுமிகள் இருவருக்குத் தினமும் இரண்டு ஆரஞ்சும் ஓர் எலுமிச்சையும் கொடுத்தார். வேறு மருந்து பெற்ற பத்துப் பேரையும் விட அவ்விருவரே விரைவில் தேறினர். அந்த 'ஆரஞ்சு' என்ற சொல்லும், அரபி, பாரசீகம், ஸம்ஸ்கிருதம் என்று பின்னோக்கிப் போனால், நமது நாரத்தையின் இனத்தில்தான் போய் நிற்கிறது என்பது மொழிநூலார் பலரின் முடிவு.

கடையில் பழம் கிடைக்கும், இலை கிடைக்காது. ஆகவே கொல்லையில் ஓர் எலுமிச்சையும் ஒரு நாரத்தையும் வேண்டும் என்றார் அன்னையார். ஆனால் மதுக்கரை சுண்ணாம்புக்கல் பூமி. 1930-களில் இங்கே சிமெண்ட் ஆலை எழுந்ததற்குக் காரணமே அந்தக் கல்தான். அதன்மேல் எலுமிச்சைச் சாறு சொட்டினால் நுரைத்துப் பொங்கும். அமிலத்துக்கும் காரத்துக்கும் உள்ள பகையைக் காட்ட, வகுப்பில் இதைவிட மலிவான சோதனை இல்லை. மண்ணிலும் அதே பகைதான். இரும்புச் சத்து இருந்தும், சுண்ணாம்பு மிகுதியால் அது கரைந்து வேருக்கு எட்டுவதில்லை. தளிர் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாய் நிற்கும்.

"வாத்தியாருங்களே, இந்தக் காட்டுல எலுமிச்சங்கன்னு தேறாதுங்க" என்றார் அண்டை வீட்டுப் பெரியவர். அவர் அநுபவத்தை மறுப்பதற்கில்லை. ஆயினும் அகலமாகக் குழி வெட்டி, வெளியிலிருந்து செம்மண்ணும் மக்கிய சாணமும் கொண்டுவந்து நிரப்பினோம். சுண்ணாம்பைச் சகிக்கும் ரங்பூர் எலுமிச்சை வேரில் ஒட்டிய கன்றைத் தேடி வாங்கினோம். தளிர் வெளுக்கும்போது, லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதியும், அது துருவாகாதிருக்கச் சிறிது எலுமிச்சைச் சாறும் கலந்து, வெயில் தாழ்ந்த பின் இலைமேல் தெளித்தோம். வாசகர்கள் எவருக்கேனும் இத்தகைய மண் வாய்த்திருந்தால் செய்து பார்க்கலாம். செலவு அற்பம், பொறுமைதான் அதிகம்.

நாரத்தை இன்னும் இலை மட்டுமே தருகிறது. எலுமிச்சையில் முதல் காய்ப்பு 17. ஊறுகாய்க்குப் பத்து என்கிறார் அன்னையார். சர்பத்துக்குப் பன்னிரண்டு என்கிறாள் பெண். கணக்கு உதைக்கிறது. அண்டை வீட்டுப் பெரியவருக்கு இரண்டு முன்னமே போய்விட்டன.