வலிக்கும் முன்பே ஒரு பல் டாக்டர்

கன்னம் வீங்கி, தூக்கம் கெட்டு, கிராம்பு எண்ணெயும் மெடிக்கலில் வாங்கிய மாத்திரையும் பலிக்காமல் போன பிறகுதான் நம்மில் பெரும்பாலோர் பல் டாக்டரைத் தேடுகிறோம். அந்த நேரத்தில் யாரும் நின்று நிதானித்து டாக்டரைத் தேர்ந்தெடுப்பதில்லை. திறந்திருக்கிற கிளினிக்கில் போய் உட்கார்ந்து, ‘பிடுங்கிப் போட்டுடுங்க’ என்கிறோம். பல் நன்றாக இருக்கும்போதே வீட்டுக்குப் பக்கத்தில் ஒருவரைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். சொத்தை பரவும் விதம் அப்படி.

பல்லின் மேற்பூச்சான எனாமலில் நரம்பு கிடையாது. அதனால் சொத்தை தொடங்கும்போது வலிக்காது. குழி விழுந்த எனாமல் தானாக வளர்ந்து மூடிக்கொள்வதும் இல்லை. இந்தக் கட்டத்தில் சொத்தையைச் சுரண்டி அடைத்துவிட்டால் பெரும்பாலும் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். அடுத்த அடுக்கான டென்டினை எட்டினால் ஐஸ்கிரீமும் இனிப்பும் கூசும், அப்போதும் அடைக்கலாம். நடுவில் நரம்பும் ரத்தக் குழாயும் இருக்கும் பல்கூழைக் கிருமி ஆழமாகத் தாக்கும்போதுதான் தூங்கவிடாத வலி வருகிறது. பிறகு பல்லைக் காப்பாற்ற ரூட் கெனால்தான் வழி. கடைவாய்ப் பல்லில் மூன்று, நான்கு கால்வாய்கள்கூட இருக்கும். ஒவ்வொன்றையும் சுத்தம் செய்து, ‘கட்டா பெர்ச்சா’ என்ற ரப்பர் போன்ற பொருளால் அடைத்து, மேலே கேப் போட வேண்டும். இடையில் வலி நின்றதும் ‘சரியாகிவிட்டது’ என்று பலர் விட்டுவிடுகிறார்கள். நரம்பு செத்தாலும் வலி நிற்கும். செத்த பல்லுக்குள் ரத்த ஓட்டம் இல்லாததால் ஆன்டிபயாடிக்கும் அங்கே போய்ச் சேராது. வேர் நுனியில் சீழ் கட்டிக்கொண்டே இருக்கும்.

‘வலியில்லாமல் போனால் தேவையில்லாத செலவு வைப்பார்கள்’ என்கிற பயத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆனால், நிதானமாகக் கேள்வி கேட்க வலியில்லாதவரால்தான் முடியும். தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா, எக்ஸ்ரேயைக் காட்டி விளக்குகிறாரா, இப்படியே விட்டால் என்ன ஆகும், வேறு வழி உண்டா, கேப்போடு சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்கிறாரா என்று பாருங்கள். கருவிகளின் உறையை உங்கள் கண்ணெதிரே பிரிக்கிறவர் என்றால் இன்னும் நல்லது. மனம் ஒப்பவில்லையா, இன்னொருவரிடம் கேளுங்கள். கையில் பணம் இல்லாதவர்களுக்குச் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. புதுக்கோட்டையிலும் 2023-இல் அரசுக் கல்லூரி வந்துவிட்டது. இருந்தாலும் பக்கத்துத் தெரு டாக்டருக்கு ஒரு மதிப்பு உண்டு. ரூட் கெனாலுக்கு இரண்டு, மூன்று முறை போக வேண்டியிருக்கலாம். தூரம் கூடினால் பாதியில் நின்றுபோகும்.

‘கிளீனிங் செய்தால் பல் ஆடும்’ என்ற பேச்சையும் சொல்லியாக வேண்டும். ஈறைத் தின்று பல்லை ஆட வைப்பது பல்லில் கெட்டியாகப் படியும் காரைதான். காரையை எடுத்து ஈறு வீக்கம் வடிந்ததும், அதுவரை மறைந்திருந்த ஆட்டமும் இடைவெளியும் வெளியே தெரிகின்றன.

வீட்டில் ஆறு வயதுப் பிள்ளை இருந்தால் இந்த வாரமே வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். பால்பல் வரிசைக்குப் பின்னால் புதிதாக ஒரு கடைவாய்ப் பல் முளைத்திருக்கலாம். எந்தப் பல்லும் விழாமல் வருவதால் அதையும் பால்பல் என்று நினைத்து விட்டுவிடுகிறோம். அது நிரந்தரப் பல். போனால் இன்னொன்று முளைக்காது.