பியானோவும் சென்னைக் காற்றும்: ஓர் ஈரப்பதக் கணக்கு

மழைக்காலத்தில் மரக்கதவு நிலையில் பிடித்துக்கொள்ளும். தோள் கொடுத்துத் தள்ளித் திறப்போம். தை பிறந்ததும் தானாகச் சரியாகிவிடும். பியானோவுக்குள்ளும் இதே கதைதான். ஆனால் எல்லாமே தானாகச் சரியாவதில்லை.

ஒரு பியானோவில் சுமார் 230 கம்பிகள். எல்லாம் சேர்ந்து இழுக்கும் விசை ஏறத்தாழ 18 டன். அதைத் தாங்குவது வார்ப்பிரும்புச் சட்டம். ஒலியைப் பெருக்குவதோ ஒரு சென்டிமீட்டர் தடிமன்கூட இல்லாத ஸ்ப்ரூஸ் மரப்பலகை, சவுண்ட்போர்டு. ஈரம் குடித்தால் மரம் இழைக்குக் குறுக்கே உப்பும். ஓரங்கள் ஒட்டப்பட்டிருப்பதால் அகல இடமில்லை. நடுவில் எழும்பிக் கம்பிகளைத் தள்ளும், சுருதி ஏறும். காய்ந்தால் இறங்கும். எல்லாக் கம்பியும் ஒரே அளவு நகர்ந்தால் காது மன்னித்துவிடும். நடு ஸ்தாயி அதிகமாகவும் மற்றவை குறைவாகவும் நகர்வதுதான் உறுத்துகிறது.

இது டியூனர் வந்தால் தீரும். தீராதது பின்பிளாக்கில் நடப்பது. டியூனிங் பின்கள் இறுக்கமாகச் செருகியிருக்கும் மரக்கட்டை அது. மரம் உப்பும்போது எஃகு பின் இடம் கொடுக்காது, அதனால் துளையைச் சுற்றியுள்ள இழைகள் நசுங்கும். திரும்பக் காயும்போது பிடி பழையபடி இருக்காது. வருஷக்கணக்கில் இப்படி ஏறி இறங்கினால் பின் வழுக்க ஆரம்பிக்கும். எத்தனை தடவை டியூன் பண்ணினாலும் நிற்காது. ஆக, ஈரத்தைவிடப் பெரிய எதிரி அதன் ஏற்ற இறக்கம்.

"ஏசி போட்டால் போதுமே?" என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. 24 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 22 கிராமுக்குச் சற்றே குறைவான நீராவியைத்தான் தாங்கும். மழைக்காலக் காலையில் வெளியே 27 டிகிரி, 85 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் அந்தக் காற்றில் சுமார் 22 கிராம் இருக்கிறது. இரவெல்லாம் ஏசியில் குளிர்ந்த அறையின் ஜன்னலைக் காலையில் திறக்கிறோம். இரும்புச் சட்டமும் கம்பிகளும் இன்னும் 24 டிகிரியில். அவற்றைத் தொடும் காற்று கிட்டத்தட்ட 100 சதவீதம்! ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் வியர்ப்பது மாதிரிதான். கம்பி துருப்பிடிக்கும், ஃபெல்ட் ஊறும், அழுத்திய கட்டை சோம்பலாக எழும்பும். இரவில் மட்டும் ஏசி ஓடும் படுக்கையறை பியானோவுக்கு மோசமான இடம் என்பது என் கருத்து. ஏசியே இல்லாத ஹால் எவ்வளவோ மேல்.

சிலிகா ஜெல்? 40 கன மீட்டர் அறை, 30 டிகிரி, 80 சதவீதம்: காற்றில் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர். அதை 50 சதவீதத்துக்குக் கொண்டுவர 365 கிராம் எடுக்க வேண்டும். ஒரு கிலோ ஜெல் அதிகபட்சம் குடிப்பதே ஏறக்குறைய அவ்வளவுதான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அறைக் காற்று மாறினால்கூட நாளுக்கு நாலரை லிட்டர் ஆகிறது. சின்னப் பொட்டலங்களை உள்ளே போடுவது மனத் திருப்திக்கு மட்டுமே.

அதே கணக்கு டிஹியூமிடிஃபயர் வாங்கவும் உதவும். நாளுக்கு 10 லிட்டர் எடுக்கும் இயந்திரம் இந்த அறைக்குத் தாராளம், ஜன்னல் மூடியிருந்தால். அது வெப்பத்தையும் கக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

மலிவான வழி, பியானோவுக்குள் வைக்கும் ஹீட்டர் தண்டு. சின்ன பல்பு எரியவிடும் பழைய வழக்கத்தின் பின்னாலும் இதே இயற்பியல்தான். நீரை அது அகற்றுவதில்லை. உள்ளே காற்றை 30-லிருந்து 34 டிகிரிக்கு ஏற்றினால் 80 சதவீதம் 65 ஆகிவிடும். ஆனால் ஹியூமிடிஸ்டாட் இல்லாமல் எந்நேரமும் எரியவிட்டால் வறண்ட நாட்களில் மரத்தை வாட்டிவிடும்.

குளிர்நாட்டுக் கையேடுகள் சொல்லும் 42 சதவீதத்தை இங்கே துரத்த வேண்டியதில்லை. 55–60-ல் வருஷம் முழுக்க நிறுத்த முடிந்தால் பியானோ நிம்மதியாக இருக்கும். அளக்கும் ஹைக்ரோமீட்டரை முதலில் சோதியுங்கள்: மூடியில் சாப்பாட்டு உப்பைக் கொஞ்சம் தண்ணீர்விட்டுச் சேறாகக் குழைத்து, மீட்டரோடு காற்றுப்புகாத டப்பாவில் மூடி ஒரு நாள் வையுங்கள். 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் இனி ஐந்து கூட்டிப் படித்துக்கொள்ளலாம்.